நாலு மணிக்குத் தொட்டி காலி

அத்தியாயம் 2

மத்தியானம் ஒரு மணிக்கு ஆலை வாசலில் வேனை நிறுத்தியபோதே மாமாவுக்கு அந்த இடத்தின் மேல் சந்தேகம் வந்துவிட்டது. காவலாளி அவரை மேலிருந்து கீழாகப் பார்த்தான். விடுவாரா மாமா? அவனைக் கீழிருந்து மேலாகப் பார்த்தார்.

"யாரைப் பாக்கணும்?"

"பாக்டீரியாவ," என்றார்.

காவலாளி முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. பதிவேட்டில் அதை அப்படியே எழுதிக்கொண்டு கேட்டைத் திறந்துவிட்டான். மாமாவுக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

வேனிலிருந்து இறங்கியவள் அவருடைய அக்கா மகள். இன்சூரன்ஸ் கம்பெனியில் பதினோரு வருஷம், தானாக எரிந்த கடைகளையும் தானாகக் காணாமல்போன லாரிகளையும் துருவித் துருவி விசாரித்தவள். எவ்வளவு வழவழப்பான கதையைச் சொன்னாலும் நடுவில் ஒரு கேள்வியை மாட்டி நிறுத்திவிடுவாள் என்பதால் அங்கே அவளுக்கு வைத்த பேர் கொக்கி. இப்போது சொந்தமாகத் துப்பறிகிறாள். மாமா வேன் ஓட்டுவார், பை தூக்குவார், நடுநடுவே வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்வார். சம்பந்தப்பட்டவர்களில் யாருக்கும் இதில் ஆட்சேபணை இல்லை.

முந்தின நாள் சாயங்காலம் அவர்களைத் தேடி வந்தவன் இந்த ஆலையின் ஸ்டோர் கீப்பர். முப்பது வயதிருக்கும். உட்காரச் சொன்னால் நின்றான், நிற்கச் சொன்னால் நடந்தான். அவனுடைய அக்காதான் இங்கே தொட்டிப் பொறுப்பு. ஆலையில் சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவள் பெரியக்கா. பழைய பருத்தித் துணியைத் தின்று சர்க்கரையாக்கும் ஒரு பாக்டீரியாவை, பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கோ ஓர் எருக்குவியலில் தேடிப் பிடித்து வந்து வளர்த்தவள். காற்று பட்டால் செத்துப்போகும் ஜாதி. அறுபது டிகிரி சூட்டில், மூடிய தொட்டிக்குள், துணியைப் போடப் போடத் தின்றுகொண்டிருக்கும். அந்த வகை வேறு எங்கும் கிடையாது.

பத்து நாளாகத் தொட்டியிலிருந்து சர்க்கரை வரவில்லை. பெரியக்கா கவனக்குறைவாகக் காற்றை உள்ளே விட்டுவிட்டாள், எல்லாம் செத்துப்போச்சு என்று மேனேஜர் முடிவு கட்டிவிட்டார். இன்றைக்கு நாலு மணிக்குத் தொட்டியைச் சாக்கடையில் திறந்துவிடப் போகிறார்கள். அந்த ஜாதியை விதைபோலக் காப்பாற்றி வைத்திருக்கும் வளர்ப்புக் குழாய்களையும் வேகவைத்துக் கொட்டிவிட்டு, துணியைக் கரைக்க வேறு கம்பெனிப் பொடியை வாங்கப் போகிறார்கள். பெரியக்காவுக்கும் அதே நாலு மணிதான் கடைசி.

"எங்கக்கா தூங்கும்போதுகூட அந்த வால்வ மூடிட்டோமான்னு கேட்டுட்டுத் தூங்கறவ மேடம். யாரோ வேணும்னே செஞ்சிருக்காங்க. யாருன்னு மட்டும் எனக்குச் சொல்லுங்க," என்று அவன் கெஞ்சியிருந்தான்.

தொட்டி இரண்டு மாடி உயரம் இருந்தது. மாமா சும்மா இருக்கமாட்டாமல் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு விரலை வாயில் வைத்துக்கொண்டார். ஏணிக்குக் கீழே வெள்ளைக் கோட்டில் நின்றிருந்த பெண்மணிதான் பெரியக்கா. கொக்கி தன்னை அறிமுகம் செய்துகொண்டாள். உங்களைக் காப்பாற்றத்தான் வந்திருக்கிறோம் என்றும் சொன்னாள். யார் வரச் சொன்னது என்று பெரியக்கா கேட்டாள். தம்பி என்று சொன்னதும் அவள் முகத்தில் இருந்த கொஞ்சநஞ்ச ரத்தமும் இறங்கிவிட்டது.

"தேவையில்லம்மா. அவனுக்கு ஒண்ணும் தெரியாது. நீங்க கெளம்புங்க," என்று சொல்லிவிட்டு ஏணியில் ஏறிப் போய்விட்டாள்.

மாமா கொக்கியின் காதருகே குனிந்தார். "பழி விழுந்தவ, காப்பாத்த வந்தவங்கள வெரட்டறத நான் இப்பத்தாம்மா பாக்குறேன்."

"நானும் இப்பத்தான் பாக்குறேன் மாமா," என்றாள் கொக்கி.

அடுத்தது லேப். அங்கே இருந்தவருக்கு ஆலையில் சொட்டு என்று பேர். நாள் முழுக்கச் சொட்டுச் சொட்டாக அளந்து அளந்து, பேச்சும் அப்படியே ஆகிவிட்டதாம். பெரியக்காவுக்கு எதிரான ஒரே சாட்சி அவரிடம்தான் இருந்தது. ஒரு விரல் பருமனுள்ள கண்ணாடிக் குழாய். ரப்பர் மூடி, உள்ளே திரவம், திரவத்துக்குள் தொங்கவிட்ட ஒரு காகிதத் துண்டு. காகிதமும் பருத்தித் துணியும் அதற்கு ஒரே சாப்பாடுதான். இரண்டும் செல்லுலோஸ். குழாய் திரவத்தில் ஒரு சாயம் கலந்திருப்பார்கள். காற்று இல்லாதவரை நிறம் தெரியாது. காற்று புகுந்தால் இளஞ்சிவப்பாகிவிடும்.

அந்தக் குழாய் இளஞ்சிவப்பாக இருந்தது. திங்கட்கிழமை காலையில், குழாய்களை வைத்து வளர்க்கும் சூட்டுப் பெட்டியைத் திறந்தபோது அப்படி இருந்ததாம். அதைப் பார்த்ததும் மேனேஜர், குழாய்க்கே மூடத் தெரியாதவள் தொட்டியை எப்படி மூடியிருப்பாள் என்று கேட்டிருக்கிறார். சூட்டுப் பெட்டிக்குச் சாவி இரண்டு. ஒன்று பெரியக்காவிடம், இன்னொன்று இவரிடம். இதைச் சொல்லும்போது சொட்டின் நெற்றியில் வேர்வை பொடித்தது. பேச்சுக்கு நடுவே மேஜை மேலிருந்த ஃபிளாஸ்க்கை எடுத்துக் காலடியில் வைத்துக்கொண்டார்.

மாமா அதைக் கவனித்துவிட்டார். அவர்கள் வந்து அரை மணி நேரம் ஆகிறது. ஆள் மூன்று தடவை குழாயடியில் போய்த் தண்ணீர் குடித்தார். ஃபிளாஸ்க்கைத் தொடவில்லை. குடிக்காத ஃபிளாஸ்க்கை ஒருத்தன் எதற்குச் சுமக்கிறான்?

கொக்கியோ ஃபிளாஸ்க் பக்கமே திரும்பவில்லை. குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, வைர வியாபாரி கல்லைப் பார்ப்பதைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதன் மேல் ஒட்டியிருந்த எண்ணைக் கேட்டாள். முப்பத்தொன்று. பெட்டியில் மற்றவை? முப்பத்திரண்டிலிருந்து நாற்பத்திரண்டு வரை. எண் எப்படிப் போடுகிறீர்கள் என்றாள். வாரத்துக்கு ஒரு தரம் பழைய குழாயிலிருந்து ஒரு துளி எடுத்துப் புதுக் குழாயில் விட்டு வளர்ப்பது, புதிதுக்கு அடுத்த எண், வருஷம் பிறந்தால் மறுபடி ஒன்றிலிருந்து என்று சொட்டு மூன்று தவணையில் சொல்லி முடித்தார். அவளுக்கு அது போதுமாக இருந்தது போலிருக்கிறது. குழாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள்.

"அந்த ஃபிளாஸ்க்," என்று ஆரம்பித்தார் மாமா.

"இருக்கட்டும் மாமா. அந்தக் குழாய்ல என்ன பாத்தீங்க?"

"செவப்பு."

"எல்லாரும் அதத்தான் பாத்திருக்காங்க. காகிதம் நடுவுல அறுந்து, பாதி கரைஞ்சு கீழ கெடக்கு. செத்ததுங்க காகிதத்த எப்படி அறுக்கும்? நல்லா தின்னு முடிச்ச பெறகுதான் உள்ள காத்து போயிருக்கு. யாரோ உயிரோட இருந்த குழாயத் தொறந்துட்டு, மறுபடி மூடி வெச்சிருக்காங்க."

மாமாவுக்கு உடனே உற்சாகம் வந்துவிட்டது. சாவி இரண்டு பேரிடம். ஒருத்திக்கு வேலை போகிறது. அப்படியானால் மிச்சம் இருப்பவன் யார்? வேர்த்துக் கொட்டுகிற சொட்டு. கேஸ் முடிந்தது, சாப்பிடப் போகலாம் என்றார். கொக்கி மூட்டைக்காரரைத் தேடிப் போனாள்.

மூட்டைக்காரர் என்பவர் தொட்டிக்குத் துணி போடுகிறவர். தொட்டிக்குள் இருப்பவற்றை அவர் மாடுகள் என்றுதான் சொல்வார். மாடு செத்ததா இல்லையா என்று எனக்குத் தெரியாது, ஆனால் சர்க்கரை நின்ற பிறகும் நாலு நாள் வழக்கம்போலத் தின்றது, அதற்கப்புறம்தான் மெல்ல மெல்ல மந்தமாகி, இப்போது துணி அப்படியே மிதக்கிறது என்றார். இதை மேனேஜரிடம் சொன்னீர்களா என்றாள் கொக்கி. என்னை யார் கேட்டார்கள் என்று அவர் திருப்பிக் கேட்டார். நியாயம்தானே?

ஏணியில் ஏறிப் பெரியக்காவின் பக்கத்தில் போய் நின்றாள் கொக்கி. விசாரணை எதுவும் செய்யவில்லை. இவ்வளவு சின்ன ஜந்து இவ்வளவு முரட்டுத் துணியை எப்படித் தின்கிறது, எனக்குப் புரியவே இல்லை என்று மட்டும் சொன்னாள். சொல்லிவிட்டுச் சும்மா நின்றாள்.

பெரியக்கா முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் பன்னிரண்டு வருஷமாக யாரும் அவளிடம் கேட்காத கேள்வி அது. எவ்வளவு நேரம் அடக்குவாள்?

"துணி நூலுங்கறது சர்க்கரைய வரிசையா கோத்த சங்கிலிதாம்மா. இறுக்கிக் கட்டின சங்கிலி. எங்க கூட்டம் நூல் மேல போய் ஒட்டிக்கும். உடம்புக்கு வெளிய ஒரு சட்டம் மாதிரி வெச்சிருக்கும், அதுல என்சைம் எல்லாம் வரிசையா மாட்டியிருக்கும். ஒண்ணு சங்கிலிய நடுவுல வெட்டும். வெட்டின நுனியப் புடிச்சிக்கிட்டு இன்னொண்ணு ரெண்டு ரெண்டா கடிச்சுத் துப்பும். மூணாவது அந்த ஜோடியப் பிரிச்சுத் தனித்தனி சர்க்கரையாக்கும். மூணும் பக்கத்துப் பக்கத்துல இருந்தாத்தான் வேலை ஓடும். ஜோடி பிரியாம குவிஞ்சா முன்னாடி இருக்கற ரெண்டும் கையக் கட்டிக்கிட்டு நின்னுடும்." அவள் முகமே மாறிவிட்டிருந்தது. "முதல் ரெண்டுல எங்க கூட்டத்த அடிச்சிக்க ஆளில்ல. மூணாவதுதான் கொஞ்சம் கம்மி. அதனால அத மட்டும் கேன்ல வாங்கி தினமும்..."

அங்கே நின்றுவிட்டாள். அவள் கண் ஸ்டோர் கதவுக்குப் போய்விட்டுத் திரும்பியது. திரும்பிய வேகம் மாமாவுக்கே பிடிக்கவில்லை.

அந்த ஸ்டோரைப் போல ஒரு சுத்தமான ஸ்டோரை மாமா பார்த்ததில்லை. ஒவ்வொரு அட்டைப் பெட்டியும் நூல் பிடித்தாற்போல அடுக்கியிருந்தது. தம்பி ஓடி வந்து வரவேற்றான். யாரென்று தெரிந்ததா மேடம் என்று மூச்சு விடாமல் கேட்டான். கேன்கள் எங்கே என்றாள் கொக்கி. சுவரோரம் ஆவிக் குழாய் போகும் இடத்தில் ஓர் இரும்பு அலமாரியைத் திறந்து காட்டினான். கை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு.

"முன்னாடி ஃபிரிட்ஜுலதான் வெச்சிருந்தாங்க. தேன் மாதிரி கெட்டியா, ஊத்தவே வராது. அக்கா தெனமும் கேன கவுத்துப் புடிச்சிக்கிட்டு நிக்கும், கை வலிக்கும். இந்த ஆலையில எல்லாமே சூட்டுலதான வளருது? அதான் இங்க மாத்தினேன். இப்ப தண்ணியா ஓடுது. பதினோரு நாளாச்சு," என்றான் பெருமையாக.

மாமா வாயைத் திறந்தார். கொக்கி அவர் காலை மிதித்தாள்.

நேராக லேப்புக்குத்தான் போனார்கள். அலமாரியிலிருந்து ஒரு கேன் மாமாவின் பைக்குள் இருந்தது. கொக்கி சொட்டின் முன்னால் போய் நின்று, அந்த ஃபிளாஸ்க்கைத் திறங்கள் என்றாள். ஆகா, வந்தாள் என் வழிக்கு என்று மாமா கதவை மறித்துக்கொண்டு நின்றார். சொட்டு திறந்தார். உள்ளே பனிக்கட்டி. பனிக்கட்டிக்கு நடுவில் ஒரு சின்னக் குப்பி.

கேன் வந்து இறங்கும்போதே மாதிரிக்கு ஒரு குப்பி எடுத்து வைப்பது அவர் வழக்கமாம். கேன் மேல் அவருக்கும் சந்தேகம். ஆனால் சாவி வைத்திருப்பவன் வாயைத் திறந்தால் சிவப்புக் குழாய்ப் பழி தன் மேல் திரும்பும் என்று பயந்து, குப்பியைக் கட்டிக்கொண்டு திரிந்திருக்கிறார் மனிதர்.

"மாமா, உங்க சுகர் மிஷின எடுங்க."

"நான் சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் ஆகணும்மா. இன்னும் சாப்பிடவே இல்ல."

"உங்களுக்கில்ல. தொட்டிக்கு."

தொட்டிச் சாற்றை இரண்டு கிளாஸில் ஊற்றினார்கள். ஒன்றில் அலமாரிக் கேனிலிருந்து ஒரு சொட்டு, இன்னொன்றில் ஃபிளாஸ்க் குப்பியிலிருந்து ஒரு சொட்டு. இரண்டையும் வெதுவெதுப்பில் அரை மணி வைத்தார்கள். லேப் மிஷினைப் போலத்தான் மாமாவின் மிஷினும். பிரிந்து நிற்கும் தனிச் சர்க்கரையைத்தான் கணக்கில் எடுக்கும், ஜோடியைக் கண்டுகொள்ளாது. முதல் கிளாஸுக்கு எண்ணே வரவில்லை. இரண்டாவதற்கு இருநூற்றுப் பத்து.

"இது என் நம்பர் ஆச்சே," என்றார் மாமா. ஆனால் அவருக்கே சிரிப்பு வரவில்லை.

தொட்டி சாகவே இல்லை. பாதி வேலையை முடித்துவிட்டு, கேனில் வரும் அந்த மூன்றாவது கைக்காகப் பத்து நாளாகக் காத்துக்கொண்டிருக்கிறது. அந்த மூன்றாவது கையை, தொட்டியைவிடச் சூடான அலமாரியில் வைத்து அவித்துவிட்டான் தம்பி, அக்காவுக்குக் கை வலிக்கிறதே என்று. அது சரி. அப்படியானால் குழாயைத் திறந்தது யார்?

மணி மூன்றரை. பெரியக்கா தொட்டிக்குப் பின்னால் ஒரு கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்திருந்தாள். கொக்கி அவள் எதிரில் தரையிலேயே உட்கார்ந்தாள்.

"பெட்டியில பன்னெண்டு குழாய். கெடுக்கணும்னு நெனச்ச எதிரியா இருந்தா புதுசத்தான் தொட்டிருப்பான். நாப்பத்திரண்ட. ஆனா கெட்டது முப்பத்தொண்ணு. இருக்கறதுலயே பழசு. அதோட வாரிசு பதினோரு குழாய்ல பத்திரமா இருக்கு. கெடுக்கறப்பவும் எதுவும் வீணாகக் கூடாதுன்னு பாத்துக் கெடுத்த கை அது. அந்த மாதிரி கை இந்த ஆலையில ஒண்ணுதான் இருக்கு."

பெரியக்கா மறுக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள். தம்பி மூன்று வேலை பார்த்து மூன்றிலும் நிலைக்கவில்லை. இந்த வேலைக்கு இவள்தான் மேனேஜரிடம் வாக்குக் கொடுத்துச் சேர்த்துவிட்டாள். அவன் மனைவிக்கு அடுத்த மாசம் பிரசவம். கேன் சூட்டில் இருப்பதைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது, வெளியே தெரியாமல் புதுக் கேன் வரவழைத்திருக்கிறாள், வெள்ளிக்கிழமை வந்துவிடும். அதற்குள் மேனேஜர் காரணம் கேட்டார். எல்லார் பேச்சும் ஸ்டோர் பக்கம் திரும்புகிற மாதிரி இருந்தது. அன்று சாயங்காலமே முப்பத்தொன்றைத் திறந்துவிட்டாள்.

"எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் குடுத்து விட்டுடுவாங்கன்னு நெனச்சேன். தொட்டியவே கொட்டுவாங்கன்னு நெனைக்கலையே," என்றாள். அழுகை வந்துவிட்டது. "அவன்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்கம்மா. தாங்க மாட்டான்."

கொக்கி எழுந்தாள். "எங்கள வேலைக்கு வெச்சது அவருதான்கா. கண்டுபிடிச்சத அவருக்குச் சொல்லித்தான் ஆகணும்."

வேண்டாம்மா என்று மாமா வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு தடவை வாயை மூடிக்கொண்டு போனால்தான் என்ன என்றார். வாயை மூடினால் நாலு மணிக்குத் தொட்டி சாக்கடைக்குப் போகும், திறந்தால் ஒரு குடும்பம் தெருவுக்குப் போகும், இரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று நீங்களே சொல்லுங்கள் என்றாள் அவள். 

தம்பி கடைசி வரை குறுக்கே பேசாமல் கேட்டான். கேட்டு முடித்ததும் அந்த அலமாரியைப் பார்த்துக்கொண்டே நின்றான். பின்னாலேயே ஓடிவந்த பெரியக்கா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பேசாம இரு. நான் போறேன். எனக்கென்ன, தனி ஆளு. உனக்குப் பிள்ள பொறக்கப் போகுது."

"ஸ்டோர்ல உக்கார ஆயிரம் பேர் கெடைப்பாங்கக்கா," என்றான் அவன். "அதுங்களுக்கு உன்ன விட்டா யாரு இருக்கா?"

அவள் அவன் கையை விட்டுவிட்டாள்.

நாலு மணிக்கு மேனேஜர் வந்தார். வால்வைத் திறக்க மூட்டைக்காரர் குனிந்தபோது தம்பி குறுக்கே போய் நின்றான். தொட்டி உயிரோடு இருக்கிறது, கேனைச் சூட்டில் வைத்துக் கெடுத்தது நான்தான் என்றான். மேனேஜர் கொக்கியைப் பார்த்தார். அவள் இரண்டு கிளாஸையும் சொட்டையும் முன்னால் நிறுத்தினாள். சொட்டு முதல் தடவையாகக் கொட்டித் தீர்த்தார். மேனேஜருக்கு விஷயம் விளங்க ஐந்து நிமிஷம் ஆயிற்று.

"அப்போ அந்தச் சிவப்புக் குழாய்?" என்று கேட்டார்.

பெரியக்கா ஓர் அடி முன்னால் வைத்தாள். தம்பி அவளைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

"அதுவும் நான்தான் சார். அக்கா கோட்டுலேருந்து சாவிய எடுத்துத் தொறந்தேன். பழி அது மேல போகட்டும்னு."

 மூட்டைக்காரர் அவனைப் பார்த்த பார்வையை மாமாவால் தாங்க முடியவில்லை. சொட்டு குழாயின் எண்ணைப் பார்த்தார், பெரியக்காவைப் பார்த்தார், பிறகு குழாயைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். இதுதான் நீங்கள் கண்டுபிடித்ததா என்று மேனேஜர் கொக்கியைக் கேட்டார்.

"புதுக் கேன் வர்ற வரைக்கும் தொட்டி தாங்கணும்னா அந்தக் குப்பிய இப்பவே ஊத்தணும் சார். அளவு தெரிஞ்சவங்க அவங்க ஒருத்தர்தான்," என்றாள் கொக்கி. அதற்கு மேல் அவர் கேட்கவில்லை.

குப்பி பெரியக்காவின் கைக்கு வந்தது. அவள் ஏணியில் ஏறினாள். தம்பி ஸ்டோர் சாவியை மேஜை மேல் வைத்துவிட்டு வெளியே நடந்தான். கூட நின்று வேலை பார்த்தவர்கள், மேலே பட்டுவிடப் போகிறது என்பதுபோல விலகி வழி விட்டார்கள். தன்னுடைய அக்காவையே மாட்டிவிடப் பார்த்தவன் இல்லையா.

வேனை எடுக்கும்போது அவனையும் ஏற்றிக்கொண்டார்கள். கொக்கி பின்சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மாமாவிடம் சொல்வதற்கு ஒரு ஜோக்கைக்கூடக் காணோம். இரண்டு தெரு தாண்டின பிறகு அவன் கேட்டான்.

"ஐயா, நீங்க கடைசியாத்தான வெளிய வந்தீங்க. அக்கா அழுதாளா?"

"இல்லப்பா," என்றார் மாமா. "வேலையப் பாத்துக்கிட்டிருக்கா."

அதில் பாதி உண்மை.